தூளிக்குள் ஊட்டிய வாழைப்பழம்

ஏழு மாத மகனுக்குத் திட உணவு பழக்கிய நாட்களில் எனக்குத் தூக்கமே இல்லை. ஒரு காலை, ஸ்பிரிங் தூளியில் ஆட்டிக்கொண்டே மசித்த வாழைப்பழத்தை ஊட்டினேன். அவன் அப்படியே உறங்கினால் நானும் கண்ணயரலாம் என்ற ஆசைதான். சத்தம் அடங்கியது. தூங்கிவிட்டான் என்று சுவரில் சாய்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து, மாக் மண்டின் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் தூளித் துணியை விலக்கினார். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. கவிழ்த்து முதுகில் தட்டினார். மசியாத பழத்துண்டு விழுந்த பிறகே அழுகை வந்தது.

"முடியலன்னா கிண்ணத்த வெச்சிட்டுப் படு லா. பசியில கொஞ்சம் அழட்டும்," என்றார்.

இப்போது மடியில் நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் ஊட்டுகிறேன். கண் சொருகினால் கிண்ணத்தை வைத்துவிடுகிறேன்.

"பிள்ள சத்தமே இல்ல, குடுத்து வெச்சவ நீ" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. அதைக் கேட்டதும் எழுந்து தூளியைப் பார்க்க ஓடுகிறேன்.