கியோட்டோ பஸ்ஸில் போய்விட்ட மாமி

2012இல் மெல்பேர்னில் இருந்து கணவரும் நானும் அவரின் அம்மாவான மாமியைக் கூட்டிக்கொண்டு ஜப்பானின் பழைய நகரமான கியோட்டோவைப் பார்க்கப் போனோம். அங்கே பஸ்ஸில் பின்கதவால் ஏறி முன்கதவால் இறங்க வேண்டும். கோயில் பார்க்கும் அவசரத்தில் நாங்கள் இருவரும் இறங்கிவிட்டோம். நெரிசலில் சிக்கிய மாமியோடு பஸ் புறப்பட்டுவிட்டது. அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். கையில் போனும் இல்லை.

அடுத்த பஸ் தரிப்பிடம்வரை ஓடினோம். அங்கே வாங்கில் மாமி ஆறுதலாக உட்கார்ந்திருந்தார்.

"பயந்திட்டீங்களோ மாமி?" என்றேன்.

"நான் ஏன் பயப்பிட? பெல்லை அமத்தி இறங்கீட்டன். நீங்கள் தேடி வருவியள் எண்டு தெரியும்," என்றார்.

இப்போது எங்கே போனாலும், பிரிந்தால் அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி அசையாமல் நிற்பது என்று முன்பே பேசிவைக்கிறோம். ஹோட்டல் முகவரியை அந்நாட்டு எழுத்திலேயே வாங்கி ஒவ்வொருவர் பையிலும் வைக்கிறேன். மாமியை இறக்கிவிட்டுத்தான் நான் இறங்குகிறேன்.