முன்வரிசையில் லூர்தம்மாள்

லூர்தம்மாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவளுக்கு நல்ல மனசு என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் மரகதம், அவளோடு ஒரே அறையில் வேலை பார்த்த நர்ஸ். நல்ல மனசு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் பச்சிளங்குழந்தைச் செவிலியர் சங்கத்துக்கு அவளைத் தலைவியாக்கியது அந்த மனசு அல்ல, வஞ்சம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவளுக்கும் இருந்ததில்லை.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அப்போது கம்பெனிகள் கிடையாது. ஏரித் தண்ணீரும் நெல்லும் வேர்க்கடலையும்தான். பிரசவம் சிக்கலானால் மாட்டு வண்டியில் போட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவார்கள். எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குப் பின்பக்கம் ஓர் அறை உண்டு. வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி, குழந்தையின் இரண்டு பக்கமும் வைத்துச் சூடு காப்போம். அந்த அறைக்குப் பெரிய நர்ஸ் அம்சவல்லி. பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் வரை இருந்த நர்ஸுகளைச் சேர்த்துச் சங்கம் தொடங்கியவளும் அவள்தான், தலைவியும் அவள்தான். கைராசிக்காரி என்று பெயர். அந்தப் பெயர்மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை.

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பார்கள். பெயரெடுத்தவர் யாராவது சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தால், அவருடைய குணமும் ராசியும் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. குறைமாதப் பிள்ளைக்கு விழுங்கத் தெரியாது, மூச்சுக்குழாயில் போய்விடும். அதனால் டாக்டர் கண்டிப்பாகத் தடுத்திருந்தார்.

அறுபத்தாறில் பிள்ளைப்பாக்கம் ரைஸ்மில் கோதண்டராமன் வீட்டில் முதல் பேரன் பிறந்தான். உள்ளங்கை அகலம்தான் இருந்தான். அந்த வீட்டார் அம்சவல்லியைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்க கையால வெச்சி வுடுங்க சிஸ்டர். உங்க ராசி எங்க புள்ளைக்கு வரட்டும்." இதைக் கேட்டு உச்சி குளிர்ந்துவிட்டது அவளுக்கு. விரலால் தொட்டு வைத்தாளா என்றால் அதுவும் இல்லை, சங்கில் எடுத்தே ஊற்றினாள். அவளுக்குக் கீழே வேலை பார்த்த லூர்து கரண்டிகளைக் கொதிக்க வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தான், அம்சவல்லி கையில் சங்கு இருந்தது.

டாக்டர் வந்து கேட்டார். "லூர்து பால் குடுக்கும்போது பொரையேறிடுச்சி டாக்டர்" என்றாள் அம்சவல்லி. டாக்டர் தடுத்ததைச் செய்தோமே என்ற பயத்தில் வீட்டாரும் வாயைத் திறக்கவில்லை. சேனை வைத்து ஒரு பிள்ளை சாகும் என்று அவர்கள் நம்பவும் இல்லை. லூர்து சொன்னது எடுபடவில்லை. சங்கத்திலும் விசாரித்தார்கள். விசாரித்தவள் யார்? தலைவி அம்சவல்லியேதான்.

லூர்துவைத் துணிக்கிடங்குக்கு மாற்றினார்கள். பிள்ளையைப் பெற்றவள் ஆஸ்பத்திரி வாசலில் மண்ணை வாரி அவள் முகத்தில் எறிந்தாள். தண்டலத்தில் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பி வேண்டாம் என்றார்கள். அதன்பின் அவளுக்குக் கல்யாணம் என்ற பேச்சே எழவில்லை.

அடுத்த வருடம் நான் வேலைக்குச் சேர்ந்தபோது கிடங்கில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். வேறு ஊருக்குப் போய்விடக் கூடாதா என்று கேட்டேன்.

"இன்னாத்துக்குப் போணும்? நான் போய்ட்டா அவ நிம்மதியா தூங்குவா."

போகவில்லை. மெட்ராஸுக்குப் போய்க் குழந்தைப் பராமரிப்பில் தனிப் பயிற்சி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். வருடங்கள் ஓடி அம்சவல்லி மேட்ரன் ஆனாள், லூர்துவுக்கு மறுபடி அந்த அறை கிடைத்தது. எண்பத்தொன்றில் சங்கத் தேர்தலில் அம்சவல்லியை எதிர்த்து நின்றாள். "புள்ளையக் கொன்னவளுக்கு எவ ஓட்டுப் போடுவா?" என்று அம்சவல்லி காபி குடித்துக்கொண்டே சிரித்தாள். உள்ளபடி சொன்னால், அந்தத் தேர்தலில் லூர்து தோற்றுத்தான் போயிருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் அம்சவல்லியின் மகள் கங்காவுக்குக் குறைமாதத்தில் பெண் பிறந்தது. எங்கள் அறையில்தான் வைத்திருந்தோம். கங்காவின் மாமியார் செல்லம்மாள் சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள். நர்ஸுகள் எல்லோரும் இருந்தோம்.

"வேணாம் சம்பந்தி" என்று அம்சவல்லி வழியை மறித்தாள்.

"ஏன் வேணாம்? எங்க வூட்டுப் புள்ளைங்க எல்லாத்துக்கும் வெச்சிகீது. இன்னா ஆயிடுச்சி?"

அம்சவல்லி லூர்துவைப் பார்த்தாள். "நீ சொல்லேன் லூர்து. நீதான இங்க பொறுப்பு."

லூர்து ஒரு கையைத் தொட்டிலின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். குரல் உயரவே இல்லை. "புள்ளையக் கொன்னவ பேச்ச யாரு கேப்பாங்க அக்கா? கண்ணால பாத்தவங்க நீங்க. நீங்களே சொல்லுங்க."

செல்லம்மாள் அம்சவல்லியைத் தள்ளிக்கொண்டு தொட்டிலை நெருங்கினாள். லூர்து நகரவில்லை, தடுக்கவும் இல்லை. அந்தக் கிண்ணம் பிள்ளையின் வாய்க்குப் போக அவள் விட்டிருக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும். அம்சவல்லிக்குத் தெரியாது.

"வெக்காதீங்க சம்பந்தி. செத்துடும்" என்றாள் அம்சவல்லி. "ரைஸ்மில்காரு வூட்டுப் புள்ள அப்படித்தான் செத்துச்சி. நான்தான் ஊத்துனேன். லூர்து இல்ல, நான்தான்."

செல்லம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். லூர்து கை கழுவிவிட்டு வந்து, ஆறிப்போன பாட்டிலை எடுத்துவிட்டு வேறு பாட்டிலை வைத்தாள். எனக்கு அன்று கைதட்ட வேண்டும் போலிருந்தது.

அம்சவல்லி தேர்தலிலிருந்து விலகிக்கொண்டாள். லூர்து தலைவியானாள். முதல் கூட்டத்திலேயே அம்சவல்லியைச் சங்கத்தை விட்டு நீக்க வேண்டும் என்று இளவட்ட நர்ஸுகள் கொதித்தார்கள். லூர்து ஒத்துக்கொள்ளவில்லை. அம்சவல்லி அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்தாள். எல்லோரும் லூர்துவின் பெருந்தன்மையை மெச்சினார்கள். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்.

"நீக்கிட்டா வூட்ல போய்க் குந்திக்கினு மறந்துடுவாங்க மரகதம்."

தலைவியாக அவள் போட்ட முதல் உத்தரவு இதுதான்: வருடா வருடம் புதிய நர்ஸுகளை வரவேற்கும் கூட்டத்தில், சேனை ஏன் கூடாது என்ற பாடத்தை அம்சவல்லிதான் நடத்த வேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால் அம்சவல்லி தான் தொடங்கிய சங்கத்தை விட்டு வெளியேற வேண்டும். அது அவளால் முடியாது. ஒவ்வொரு வருடமும் மேடையேறிச் சொன்னாள். லூர்து முன்வரிசையில் உட்கார்ந்து, புதிதாகக் கேட்பவளைப் போல் கேட்டாள். எங்கள் வட்டாரத்தில் சேனையால் ஒரு குழந்தையும் அதன்பின் போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அம்சவல்லி ஓய்வு பெற்ற வருடம், அதே கூட்டத்தில் அவளுக்குச் சால்வை போர்த்துவதாக ஏற்பாடு. கங்கா மகளை அழைத்து வந்திருந்தாள். அன்று தொட்டிலில் கிடந்த அந்தப் பெண், பட்டுப்பாவாடை கட்டி, பாட்டிக்கு மாலை போடுவார்கள் என்று நாற்காலிமேல் ஏறி நிற்காத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்சவல்லி பேத்தியைப் பார்த்தாள்.

"நம்ம ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ், பேரு வாங்கணும்ன்ற ஆசையில..." என்று ஆரம்பித்தாள்.

"எந்த நர்ஸு, அக்கா?" என்று முன்வரிசையிலிருந்து லூர்து கேட்டாள்.

அன்று எனக்கே தாங்கவில்லை. அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். "போதும் லூர்து, கொழந்த பாக்குது."

"என் மூஞ்சில மண்ணு வுழும்போதும் எல்லாரும் பாத்துக்கினுதான் இருந்தாங்க" என்று என் கையை எடுத்துவிட்டாள்.

அம்சவல்லி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பேத்தி இருந்த பக்கம் திரும்பாமல், "நான்தாம்மா" என்றாள்.

லூர்து எழுந்து மேடைக்குப் போய்ச் சால்வையைப் போர்த்தினாள்.