போர்டில் தமிழ் மட்டும் இருந்த பஸ்

பிள்ளைகளா, "அப்பா ஒரு செய்தியை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள அது பழசாயிரும்" என்று நீங்கள் கேலி செய்வது எனக்குத் தெரியும். நான் ஏன் இப்படி ஆனேன் என்று எழுதிவைக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தீர்கள். நம் தோட்டத்து லயத்து வரிசையில் கடைசி வீட்டு அக்காவின் மகளைப் பெண் பார்க்க, பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன் வழியாகப் பத்து மணிக்கு வருவதாக இருந்தார்கள். அதற்கு முன் இரண்டு இடம் பேசித் தட்டிப்போயிருந்தது. இதாவது அமைய வேண்டுமே என்று அக்கா விடிய முன்பே வடைக்கு உளுந்து ஊறப்போட்டிருந்தார்.

ஆறரை மணிக்கு என் போனில் ஒரு வீடியோ வந்தது. தேயிலை மலை சரிந்து ரோட்டை மூடிக் கிடக்கிறது. கொழுந்தெடுக்கும் பெண்கள் "ஐயோ, பாதையே போச்சே" என்று தமிழில் கத்துகிறார்கள். கீழே, "ஹட்டன் பாதை மூடப்பட்டது" என்று யாரோ எழுதியிருந்தார்கள். முந்தின இரவு இங்கே நல்ல மழை. தேயிலை, தமிழ், மண்சரிவு. இலங்கையில் நம் மலையை விட்டால் வேறு எந்த ஊராக இருக்கப்போகிறது? தோட்டத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டு, பல்கூட விளக்காமல் அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"அவங்க வரமுடியாதுக்கா. பாதை மூடியாச்சு."

"ஒரு போன் போட்டுக் கேப்பமா தம்பி?"

"போடுங்களேன்."

கொஞ்சம் யோசித்தார். "வேணாம். பொண்ணு வீட்டுல இருந்து போன் போட்டா, வராதீங்கன்னு சொல்ற மாதிரி ஆயிரும்."

உளுந்து அப்படியே கிடந்தது. மகள் நல்ல சேலையை மடித்து வைத்துவிட்டு, மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் துணி துவைக்கப் போனாள்.

சரியாகப் பத்து மணிக்கு வேன் வந்து நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நின்றே உள்ளே பார்த்தார். அடுப்பு எரியவில்லை. பாய் விரிக்கவில்லை. பெண்ணையும் காணோம். "விருப்பமில்லன்னா முந்தியே சொல்லியிருக்கலாமேங்க" என்றார். மூன்றாவது இடமும் என்னால் போகப்போகிறதே என்று நான் முன்னால் போய் நின்றேன்.

"அம்மா, தப்பு அவங்க மேல இல்லீங்க. நான்தான் பாதை மூடியாச்சுன்னு சொன்னேன்" என்று போனை நீட்டினேன்.

வேன் ஓட்டிவந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் அதை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். "தம்பி, பின்னால ஒரு பச்சை பஸ் நிக்குதே, கவர்மெண்ட் பஸ். போர்டுல என்ன பாஷை?"

"தமிழுங்க."

"சிங்களம்?"

"இல்லீங்க."

"நம்ம நாட்டுல கவர்மெண்ட் பஸ்ஸுல தமிழ் மட்டும் எழுதுற அளவுக்கு நாம எப்பங்க முன்னேறினோம்? இது இந்தியாவுல எங்கயோ, எப்பவோ, பாவம், சரிஞ்ச மலை. நாங்க ஹட்டன் வழியாத்தான் ஜம்முனு வர்றோம்!"

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாதான். அந்நேரம் ஈரத்துணி வாளியோடு வந்த பெண், வேனைக் கண்டதும் திரும்பி ஓடப் பார்த்தாள். "ஓடாத தாயி, துணியக் காயப்போட்டுட்டு வா. வேலை செய்யிற புள்ளையத்தான் பார்க்க வந்தோம்" என்று அந்த அம்மாவே கூப்பிட்டார். வடை இல்லை, பால் இல்லாத பிளேன்டீயும் பிஸ்கட்டும்தான். மதியத்துக்குள் பேச்சு முடிந்து, தை மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று.

அதற்குப் பிறகுதான் செய்தி பார்க்கும் விதத்தை மாற்றினேன். மகளே, தேதி எங்கே இருக்கிறது என்று நீதான் காட்டித்தந்தாய். எழுதியவர் பெயரும் தேதியும் போடுகிற, பிழைவிட்டால் ஒத்துக்கொள்கிற இரண்டு செய்திப் பக்கங்களைத்தான் இப்போது காலையில் பார்க்கிறேன். மழைக்காலத்தில் அரசாங்கம் எச்சரிக்கை போடும் பக்கத்தையும் பார்ப்பேன். சிங்களச் செய்தியையும் தட்டுத்தடுமாறி வாசிப்பேன். இரண்டு பாஷையிலும் ஒரே கதை என்றால் பாதி நம்பலாம். மீதிப் பாதிக்கு, அந்தப் பாதையில் ஓடும் பஸ் கண்டக்டருக்குப் போன் போட்டுவிடுவேன்.

இதெல்லாம் பிறகு பழகியது. அன்று வேன் போனதும், குறுக்குப் பாதையில் தனியே ஏறி, மலையில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். வீடியோவை அழித்துவிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் என்னை நம்பி இன்னும் யார் யார் வீட்டில் உளுந்து கிடக்கிறதோ? "காலையில் நான் அனுப்பியது நம்ம ஊர் இல்லை. ஹட்டன் பாதை திறந்திருக்கிறது. தப்பு என்னுடையது" என்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, குழுவுக்கு அனுப்பினேன்.