கிரகணத்தன்று ஓடாத மோட்டார்

பாகலூர் பக்கம் எங்கள் கோஸ் தோட்டத்தில், சூரிய கிரகணத்துக்கு இரண்டு நாள் முன்பு, பெங்களூரிலிருந்து வந்த ஓர் அக்கா மரச்சட்டத்தில் கம்பி சுற்றி ஓர் ஆன்டெனா நட்டார். வெகுதூரத்திலிருந்து அனுப்பும் தாழ்ந்த அலைவரிசை ரேடியோ அலைகள் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருமாம். சூரியன் மறைகையில் அந்த அடுக்கு எப்படி மாறுகிறது என்று அந்த அலைகளை வைத்தே அறியலாமாம். அருகில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓடினால் அதன் இரைச்சல் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

"இந்த ஒரு காலைக்காக வருஷக்கணக்கா காத்திருக்கேன். மோட்டார் போட வேணாம்னு உங்க பெரியப்பாகிட்ட சொல்லிடறியா?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டேன். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்குப் பெரியப்பா என்றாலே நடுக்கம். அவர் வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினேன்.

கிரகணத்தில் யார் மோட்டார் போடப் போகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று காலை அம்மா கதவைச் சாத்தி எங்களை உள்ளே உட்கார வைத்த பிறகுதான் உறைத்தது. பெரியப்பா ஸ்டார்ட்டர் பட்டன் அமுங்கியே இருக்கும்படி குச்சி செருகி வைத்திருப்பார். மூன்று பேஸ் கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும். அந்தக் கரண்ட் வரும் நேரமும் ஆகிவிட்டது.

பின்கதவு வழியாக ஓடினேன். வெயில் மங்கிக் கிடந்தது. மோட்டார் ரூம் படியில், துண்டால் தலையை மூடி, கையில் குச்சியுடன் பெரியப்பா உட்கார்ந்திருந்தார்.

"என்னா பாப்பா, கெரகணத்துல ஓடியாற? உங்கம்மா பாத்தா தோலை உரிச்சிருவா."

"மோட்டாரு... போட வேணாம்னு..."

"நீ சொல்றதுக்குள்ள அடுத்த கெரகணமே வந்துரும். அந்தம்மா நேத்தே வந்து கன்னடத்துல சொல்லிட்டுப் போச்சு."

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வெளிச்சம் திரும்பியதும் அக்கா சிரித்தபடி என் காதில் ஹெட்போனை மாட்டினார். படபடவென்று ஏதோ பொரிந்தது. எங்கோ தூரத்தில் வெட்டும் மின்னலின் சத்தம் என்றார். பெரியப்பா கிட்டே வராமல் வரப்பிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது, "காதுல என்னா கேட்டுச்சு?" என்றார்.

"சோளம் பொரியற மாதிரி."

"ஓகோ" என்றதோடு சரி. மதியமே அக்காவின் ஜீப் கிளம்பிவிட்டது.

அன்று காலை குச்சியை எடுத்ததுமே அவர் வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். கிரகணத்தில் மாட்டைக்கூட வெளியே கட்டாத மனிதர் எதற்காக அங்கேயே உட்கார்ந்திருந்தார் என்று அன்று எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. நான் அவர் கையைப் பிடித்து அக்காவிடம் அழைத்துப் போயிருந்தால், அவரும் கேட்க வந்திருப்பார்.