மஞ்சள் பூசாத முட்டி

முட்டிச் சில்லை எடுத்துவிடலாம் என்று வெள்ளைக்கார டாக்டர் இங்கிலீஷில் சொன்னார். அதைத் தமிழில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. மலாயா சுதந்திரத்துக்கு முந்தைய காலம். மலாக்காவில் ஒரு ஆஸ்பத்திரியின் பிசியோ பகுதியில் உதவியாளராகச் சேர்ந்து எனக்கு அதிக நாளாகவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவள் காஜா பேராங்கில் குடியிருந்த சரஸ்வதி. பண்டார் ஹிலிரில் ஒரு பள்ளிக்கூட மாடிப்படிகளை மண்டியிட்டுத் துடைக்கிற வேலை. இறங்கினால் வலி, குந்தினால் வலி, எழுந்தால் அதைவிட வலி.

"சில்லை எடுத்துட்டா கால் தொங்கிப் போயிடாதா மிஸ்ஸி?" என்று கேட்டாள். வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் எல்லாரும் அப்போது மிஸ்ஸிதான். தொங்காது என்றேன். எனக்கே நிச்சயமில்லை. அந்த ஆப்பரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்ணை வார்டில் பார்த்திருந்தேன். அவள் காலை இழுத்து இழுத்து நடந்த நடை என் கண்ணிலேயே நின்றது.

அடுத்த மாத க்ளினிக் வரை பிளாஸ்திரியும் எக்சர்சைஸும் செய்து பார்க்கலாம், சரியாகாவிட்டால் கத்திதான் என்று டாக்டர் முடித்துவிட்டார். இப்போது பிசியோ படிக்கிற உங்களுக்கு முட்டிக்கென்றே டேப் வந்துவிட்டது. எங்களுக்குக் கிடைத்தது காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரி. சில்லு வெளிப்பக்கம் விலகி உரசுவதால் வலி. அதை உள்பக்கம் தள்ளிப் பிடித்து இழுத்து ஒட்ட வேண்டும். வலி அடங்கியிருக்கும்போது முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்தித் தொடையை இறுக்கிப் பழக வேண்டும். பெண்களுக்குத்தான் இந்த வலி அதிகம் வரும்.

ஆனால் அவள் வந்த தடவையெல்லாம் பிளாஸ்திரி சுருண்டு தொங்கியது. பசையெல்லாம் மஞ்சள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தியே தேவலை என்றால் சொல்லிவிடு, என் நேரமாவது மிஞ்சும் என்று திட்டிவிட்டேன்.

அவள் அழுதுகொண்டே சொன்னாள். புருஷன் ஸ்பெஷல் கான்ஸ்டபிள், ஜொகூர் எல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் காவல். அது மலாயாவின் அவசரகாலம், கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து எப்போது சுடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவன் போன நாளிலிருந்து முகம் முதல் பாதம் வரை மஞ்சள் பூசாமல் அவள் குளித்ததில்லை.

"ஒரு முட்டியில மட்டும் பூசாம விட்டா, அவரு காலுக்கு ஏதாச்சும் ஆயிடுமா மிஸ்ஸி?"

ஆகாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டுக்காரர் அதே ரோட்டில்தான் லோரி ஓட்டினார். அன்று காலை நானும் மஞ்சள் பூசித்தான் குளித்திருந்தேன்.

"மத்த இடமெல்லாம் பூசிக்கோ. முட்டியில என் கை அகலம் மட்டும் எனக்கு விடு," என்றேன்.

தலையாட்டினாள். அதன்பிறகு பிளாஸ்திரி நின்றது. துண்டை அழுத்தினாள், காலை நீட்டித் தூக்கினாள், மரப்படியில் ஏறி இறங்கினாள். தொடைச் சதை மெல்ல இறுகி வந்தது. ஆனால் வந்ததும் முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஜொகூர் பக்கம் ஏதாவது கேள்விப்பட்டீர்களா என்றுதான் கேட்பாள். என் வீட்டுக்காரர் வந்து சொன்னதைச் சொல்வேன்.

க்ளினிக்குக்கு முதல்நாள் மத்தியானம் செய்தி வந்தது. அந்தத் தோட்டத்து லோரியைச் சுட்டுவிட்டார்கள், அடிபட்டவர்களை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். யார் யார் என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் அன்று வீட்டில்தான் இருந்தார். தகவல் எட்டி சரஸ்வதி ஓடி வந்தாள். ஆண்கள் வார்டு மாடியில். கைப்பிடியைத் தொடாமல் படியேறினாள். நான் மூச்சு வாங்கப் பின்னால் ஓடினேன். அவள் முட்டி அப்போது என் நினைவிலேயே இல்லை. கை அகலம் கேட்டவள் நான்தானே, அவன் காலில் பட்டிருந்தால் இவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

அவன் சுவரோரக் கட்டிலில் கண் திறந்து படுத்திருந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கால்மாட்டில் போர்வையைத் தூக்கி இரண்டு முட்டிகளையும் தடவிப் பார்த்தாள்.

"தோள்லதான்டி பட்டுச்சு. காலை ஏன் தடவுற?" என்றான் அவன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன்.

மறுநாள் க்ளினிக்குக்கு இரண்டு முட்டியிலும் அப்பிய மஞ்சளோடு வந்தாள். பிளாஸ்திரியை அவளே உரித்துப் போட்டிருந்தாள். நான் புதிதாக ஒட்டப் போகவில்லை. டாக்டர் படியில் ஏறி இறங்கச் சொன்னார். வலி இல்லாமல் ஏறி இறங்கினாள், தொடை தானாகவே சில்லைப் பிடித்து நிறுத்தியது. ஆப்பரேஷன் வேண்டாம் என்று அவர் சொன்னதைத் தமிழில் சொல்ல எனக்கு அத்தனை சந்தோஷம்.

பிளாஸ்திரி கொஞ்ச நாளைக்குக் கைத்தாங்கல், கடைசிவரை நிற்பது தொடைச் சதை. இதை உங்கள் பாடப் புத்தகமே சொல்லும். வலி எங்கே என்று கேட்கும்போது பயம் எங்கே என்றும் கேட்டுவிடுங்கள். அதை நான் சரஸ்வதியிடம் கற்றேன். அதன்பிறகு என் வீட்டுக்காரர் ஜொகூர் பக்கம் லோரி எடுக்கிற நாளிலெல்லாம், என் இரண்டு முட்டிக்கும் கொஞ்சம் கூடுதலாகவே மஞ்சள் பூசிக்கொண்டேன்.