மொட்டையும் பின் இறக்கையும்

சென்னைக்கு வெளியே, பந்தயக் கார் பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து இறங்கிய காலம். திருப்பதி போகும் வழியிலிருக்கும் நகரியில் பவர்லூம் ஓட்டிய என் அப்பா, நைனாதான், "தறி உனக்கு வாணாம்" என்று என்னை அனுப்பிவைத்தார்.

ஊருக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவன், நைனாவின் கருமாதி முடிந்து திரும்பினேன். தலையில் முடியில்லை, மீசையுமில்லை.

அடுத்த பந்தயத் தளத்தில் நேர்ப்பாதைதான் அதிகம். அங்கே காற்று தடுத்தால் வேகம் போச்சு. அதனால் காரைத் தரையோடு அழுத்திப்பிடிக்கும் பின் இறக்கையின் மேல்தகட்டைக் கழற்றினேன், கீழ்த்தகட்டைச் சாய்வு குறைத்துப் படுக்கவைத்தேன், இடுக்குகளில் டேப் ஒட்டினேன்.

மேஸ்திரி என் தலையைப் பார்த்தார். "கார் றெக்கைய கழட்டச் சொன்னா, நீ முடியையும் கழட்டிக்கினு வந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சிரித்துவைத்தேன்.

"திருப்பதி போனியே, லட்டு எங்க?" என்றார் மேஸ்திரி.

சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் நாங்கள் ஒரு வருடம் மலையேற மாட்டோம். அதை யாரிடம் சொல்ல? "செம கூட்டம், கிடைக்கல" என்றேன்.

வருடம் திரும்பியதும் மலைக்குப் போய், லட்டு வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தேன்.

"இந்த வாட்டி மொட்டை போடலியா?" என்றார், தின்றுகொண்டே.