லயத்துக் கரண்டும் என் கேம் கம்ப்யூட்டரும்

ஹட்டன் டவுனில் கம்ப்யூட்டர் கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கையிலிருந்த பணத்துக்கு இரண்டு வழிதான். பெரிய கிராஃபிக்ஸ் கார்டை வாங்கிவிட்டு, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையை மலிவாகப் போட்டுக்கொள்ளலாம். அல்லது கார்டில் ஒரு படி இறங்கி, கோல்ட் தரத்தில் நல்ல சப்ளை வாங்கலாம். நான் நல்ல சப்ளையைக் கேட்டேன்.

"தங்கச்சி, அது உள்ளுக்குள்ள கெடக்குற பொட்டி. அத யாரு பாக்கப் போறாங்க? காச கார்டுல போடுங்க, கேம் பறக்கும்."

"பறந்து எங்கண்ணே போறது? எங்க லயத்துல வெளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்டு படுத்துரும்."

இரண்டு சப்ளையையும் கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பார்த்தேன். எழுநூற்றைம்பது வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த மலிவுப் பெட்டி, காலி பிஸ்கட் டின் மாதிரி இருந்தது. மற்றது கையைக் கீழே இழுத்தது. உள்ளே சரக்கு இல்லாமல் வாட் மட்டும் எங்கிருந்து வரும்? நல்ல சப்ளை, வாங்குகிற மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை வேலைக்குக் கொடுத்துவிடும். மிச்சம்தான் சூடாக வீணாகும். வோல்ட் பாதியாக விழுந்தாலும் தாக்குப்பிடிக்கும். யூபிஎஸ் வாங்கும்போதும் நான் இறங்கவில்லை. படிப்படியாக வெட்டி வெட்டிக் கரண்ட் விடுகிற மலிவு ரகத்தைத் தள்ளிவிட்டு, சீரான அலையாக விடுகிறதைத்தான் எடுத்தேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். இதில் ஏமாந்தால் பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிப்பது?

எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடு. நானும் அம்மாவும் நாலாவது வீடு. அம்மா இன்னும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறார். பெட்டி வந்து இறங்கிய அன்று, டியூஷனுக்கா, ஆபீஸ் வேலைக்கா என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். "கார் ரேஸ் வெளையாட," என்றேன். முகம் கோணாதவர் ஒருவர்கூட இல்லை. அம்மா முகமும்தான்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கம் எங்கள் மலைத் தண்ணீரில்தான் கரண்ட் எடுக்கிறார்கள். அந்தக் கரண்ட் ஒரே வயரில் எங்கள் லயத்துக்குள் நுழைந்து, வீட்டுக்கு வீடு ஒட்டுப்போட்டு ஓடும்போது நாக்குத் தள்ளிவிடுகிறது. சாயங்காலம் பல்பு மங்குவது நான் பிறந்ததிலிருந்து உள்ள கதை. ஆனால் என் கம்ப்யூட்டர் வந்ததும் பழி முழுக்க அதன் தலையில் விழுந்தது. வாளித் தண்ணீரில் போடுகிற ஒரு ஹீட்டர் என் கம்ப்யூட்டரைப் போல மூன்று நாலு மடங்கு இழுக்கும் என்று சொன்னேன். யார் கேட்டார்கள்?

மழை தொடங்கிய பிறகு பக்கத்து வீட்டு அக்காவை அவரது அயர்ன் பெட்டி ஷாக் அடித்தது. மறுநாள் இன்னொரு வீட்டில் சோறாக்கும் குக்கர் அடித்தது. எங்கள் லயத்திலேயே இருக்கும் தோட்டத் தலைவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், ஒங்க பொட்டி வந்ததுலருந்துதான் இந்தக் கூத்து. ஞாயித்துக்கெழமைக்குள்ள அத வித்துப்புடுங்க. இல்லாட்டி ஒங்க வீட்டு வயர வெட்டிருவோம்."

"வெட்டுங்க, பாக்கலாம்!" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. என் கம்ப்யூட்டரின் இரும்புக் கூடும் இரண்டு நாளாக என்னைச் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பேச்சுப் பேசி வாங்கிய சப்ளை கெட்டுவிட்டதோ என்ற பயத்தில் அதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட.

ஞாயிறு காலை லயமே வாசலில் கூடியது. தலைவர் கையில் குறடு. நான் கம்ப்யூட்டரை எல்லா வயரிலிருந்தும் கழற்றி, தூக்கிவந்து முற்றத்தில் நாற்காலி மேல் வைத்தேன்.

"இப்ப இதுக்கும் கரண்டுக்கும் சம்பந்தமே இல்ல. எல்லாரும் பாத்துக்குங்க."

கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்தால் விளக்கு எரிகிற டெஸ்டரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குள் போனேன். பிளக் குத்துகிற இடத்தில், மேலே இருக்கும் பெரிய ஓட்டை எர்த்துக்கு உரியது. எங்காவது கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற வயர் அங்கேதான் முடியும். அதில் டெஸ்டர் எரியவே கூடாது. எரிந்தது. அடுத்த வீட்டிலும் எரிந்தது. தலைவர் வீட்டிலும் எரிந்தபோது அவர் குறட்டைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

கசிவு எங்கே என்று பார்க்க ஒவ்வொரு வீடாக மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். பதினொரு வீடு அணைத்தும் டெஸ்டர் எரிந்துகொண்டே இருந்தது. மிச்சம் எங்கள் வீடு. அணைத்ததும் டெஸ்டரும் அணைந்தது. அடுப்படியில் அம்மா தலைக்குக் குளிக்க வாளியில் ஹீட்டர் போட்டிருந்தார். ஓட்டை விழுந்த பழைய ஹீட்டர்.

"அடடே, கடைசியில டீச்சர் வீடேதான்!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என் காது சூடேறியது. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கம் போய்க் கோபம்தான் வந்தது.

"ஹீட்டர் எங்களோடது. இன்னைக்கே தூக்கிப் போடுறேன். ஆனா எங்க வீட்டுக் கசிவு ஒங்க அயர்ன் பொட்டிக்கு ஏன் வரணும்? மண்ணுக்குத்தானே போவணும்? வாங்க, காட்டுறேன்!"

எர்த் வயரைத் தொடர்ந்து எல்லோரையும் கூட்டிக்கொண்டு, தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போனேன். லயத்துக்கு வயர் இழுத்த காலத்தில், இரும்புக் குழாயில் கட்டினால் போதும் என்று கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பிறகு குழாயைக் கழற்றிக் கறுப்பு பிளாஸ்டிக் பைப் போட்டார்கள். வயரை அவிழ்த்தவன், அதை அப்படியே பத்திரமாக பிளாஸ்டிக்கைச் சுற்றிக் கட்டியிருந்தான். பன்னிரண்டு வீட்டு எர்த்தும் அங்கே அந்தரத்தில் நின்றது. மண்ணுக்கு வழியில்லாத கசிவு வீடு வீடாக ஏறியிருக்கிறது; என் கம்ப்யூட்டர் கூட்டுக்கு வந்ததும் அதுதான், சப்ளை கெடவில்லை. பிள்ளைகள் ஈரக் காலோடு நிற்கிற வீடுகள் இவை. சுத்தமான கரண்ட் தேடி ஹட்டன் கடையை அலசிய நானும் இங்கே ஒரு நாள் குனிந்து பார்க்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது.

தோட்ட ஆபீசில் எழுதிக்கொடுத்தோம். "லயத்துக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார்கள். இதெல்லாம் எதற்காம்! நாங்களே ஆள் உயரத்துக்குத் தடித்த செம்புக் கம்பி வாங்கினோம். அடுத்த ஞாயிறு எல்லா வீட்டு மெயின் சுவிட்சையும் அணைத்தோம். ஹட்டனிலிருந்து வந்த வயரிங்காரர் சொல்லச் சொல்ல, ஈரம் காயாத பீலி ஓரத்தில் தலைவரே அதைச் சம்மட்டியால் மண்ணுக்குள் அடித்து இறக்கினார். எர்த் வயரை அதில் கட்டினோம். கசிவு வந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்சும் வைத்தாயிற்று.

தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "டீச்சர், பொட்டி இருக்கட்டும். ஆனா வெளையாட்டு வேணாம். சாயங்காலத்துல நம்ம புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக்குடுங்க. ஒரு பிரயோசனமா இருக்கும்ல?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நியாயமான பேச்சு மாதிரித்தான் இருந்தது. மறுத்தால் ஊருக்கே ஆகாதவள் ஆகிவிடுவேன்.

"பாடம் பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுக்கிறேன். இது நான் வெளையாட வாங்குனது," என்றேன்.

பின்னால் நின்ற அம்மா முன்னால் வந்தார்.

"முப்பது வருசமா இந்த மலையில நான் கொழுந்து எடுத்திருக்கேன். ஒரு நாள் வெளையாடுனதில்ல. எம்மவ வெளையாடட்டும்."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய், எங்கள் மெயின் சுவிட்சை அவரே போட்டார்.